பக்கத்து முனையில் ஆக்சிஜன்

ஜூன் 9

அன்புள்ள வாலு,

இங்கே எல்லோரும் சுகம். ஹாஸ்டல் சாப்பாட்டையும் தாண்டி நீ உயிரோடு இருப்பாய் என்று நம்புகிறேன். பட்டுவுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை எடை பார்க்கக் கொண்டுபோகிறேன் என்று டாக்டரம்மாவுக்குக் கோபம். "எடை போட்டா குழந்தை வளராதும்மா, பால் குடுத்தாதான் வளரும்" என்கிறார். நாலு வருஷம் தராசு முன்னாலேயே நின்றவளுக்கு வேறு என்ன தெரியும்?

தராசு என்றதும் நம் தராசு ஞாபகம் வருகிறது. நாம் தராசு என்று பெயர் வைத்த பேராசிரியர் எனக்கு எழுதியிருக்கிறார். வழக்கம்போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டிருக்கிறார். என் முடிவு அழகானதுதானாம். ஆனால் அது என் கையில் மட்டும்தான் வந்திருக்கிறது, இன்னொரு கையிலும் வரவேண்டும் என்கிறார். நவம்பர் முப்பதுக்குள் வந்தால் கட்டுரை என் பெயரில் போகும், நான் திரும்பி வந்து ஆய்வேட்டை முடிக்கலாம். வராவிட்டால் என் பதிவை நீட்டிக்க அவரிடம் காரணம் எதுவும் இல்லை. அந்த இன்னொரு கை உன்னுடையதாம். படித்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. உன்னை அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

உன் அண்ணனிடம் காட்டினேன். "வந்தா போ. நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்கிறேன்?" என்றார்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஃபீனால் ஆறு முனை வளையம். ஒரு முனையில் ஏற்கனவே ஓர் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதை அதற்குப் பக்கத்து முனையில் உட்கார வைக்கவேண்டும். அதுவோ இடம் தாராளமாக இருக்கிற எதிர்முனைக்கு ஓடும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை மாதிரி. எதிர்முனை என்றால் மஞ்சள் வரும், பக்கத்து முனை என்றால் சிவப்பு. அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் நாலு வருஷம்.

நம் வெள்ளைப் பொடியில் இருக்கும் அயோடின், ஒற்றைப் பிணைப்போடு சும்மா இருக்கவேண்டியது, ஐந்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறது. எப்போது இறக்கலாம் என்று காத்திருக்கும். ஃபீனாலின் ஆக்சிஜனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை எட்டுகிற தூரத்தில் சுமையை இறக்கும். எட்டுவது பக்கத்து முனைதான். ஆனால் கோபக்காரச் சாமான், இடித்தால் உரசினால் வெடிக்கும். இரும்புக் கரண்டியால் சுரண்டாதே. கொஞ்சமாகச் செய்து மேசைமேல் காற்றிலேயே காயவிடு. எப்போதாவது பெரிய அளவில் செய்யச் சொன்னால் என்னைக் கேட்காமல் கை வைக்காதே.

போனிலேயே சொல்லலாம்தான். ஹாலில் பேசினால் பட்டு எழுந்துவிடுகிறாள். அத்தை வேறு, ஃபீனால் என்று காதில் விழுந்தால் போதும், "கக்கூஸ் கழுவற சமாச்சாரத்தை இவ்வளவு நேரமா பேசுவீங்க?" என்கிறார். அதனால் கடிதம்.

பட்டு உனக்கு எச்சில் முத்தம் தருகிறாள்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். என் மருமகளுக்கு ஆயிரம் முத்தம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணன் இன்னும் பேப்பரைக் கழிவறைக்குள் கொண்டுபோகிறானா?

முதல் முயற்சி முடிந்தது. மஞ்சள்! சாதா மஞ்சள் இல்லை, கண்ணைக் கூசுகிற மஞ்சள். பக்கத்து மேசை சீனியர் குடுவையைத் தூக்கிப் பார்த்து, "உன் ஃபீனாலுக்கு மஞ்சக்காமாலை, டாக்டர்கிட்ட காட்டு" என்றார். ஆளாளுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சார் வந்து பார்த்தார். "உங்க அண்ணி சிவப்புன்னு எழுதியிருக்காங்க. அவங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லையே?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடுவையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

உங்கள் வெள்ளைக் கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறேன். கை நீளம். மடித்துவிட்டுக்கொண்டால் சரியாக இருக்கிறது. உங்கள் மேசையில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. இடது பக்கக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உங்கள் ஆவிதான் அங்கே அழுகிறது என்று புதுப் பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்ன தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள். வரவழைத்துக் காட்டுகிறேன். நீங்கள் வந்து உட்காரும்வரை எனக்கு இங்கே யாரோடும் ஒட்டவில்லை.

உங்கள்,
வாலு


ஜூலை 3

அன்புள்ள வாலு,

எல்லோரும் நலம், அத்தையின் முழங்காலைத் தவிர. அது நேற்று மாடிப்படியோடு சண்டை போட்டுத் தோற்றுவிட்டது. பட்டுவுக்கு மூக்கடைப்பு, வேறு ஒன்றும் இல்லை என்கிறார்கள். நான்தான் ஒவ்வொரு தும்மலுக்கும் எழுந்து உட்காருகிறேன்.

எந்தப் புட்டியிலிருந்து எடுத்தாய்? ஜன்னலோரம் இருக்கும் பழுப்புப் புட்டியா? அதுதான் என்று அடித்துச் சொல்வேன். அது டைஅசிட்டேட். அதுவும் அயோடின்தான், அதுவும் சுமை தூக்குகிறதுதான், ஆனால் அது மூன்றைச் சுமக்கிற ஜாதி. எதிர்முனைக்குத்தான் போகும். நாம் கேட்பது ஐந்தைச் சுமக்கிறது. தராசுக்கு இது தெரியும். தெரிந்தும் கண் கோளாறு என்கிறார் பார்!

பொடியை நீயே புதிதாகச் செய். புரோமேட்டை அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, அவசரப்பட்டுக் கொட்டாதே. ஆரஞ்சுப் புகை கிளம்பும், எட்டிப் பார்க்கிறேன் என்று மூக்கை நீட்டாதே. வெள்ளையாகும்வரை தண்ணீரால் கழுவு, போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் இரண்டு தடவை கழுவு. சுரண்டல் வேண்டாம். பிளாஸ்டிக் கரண்டி என் இழுப்பறையில் இருக்கிறது.

மஞ்சளைப் பார்த்து மனம் தளராதே. எனக்கு முதல் வருஷம் முழுக்க மஞ்சள்தான்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம்தான். ஆனால் உங்கள் வாலு இப்போது சுருண்டு கிடக்கிறது.

பழுப்புப் புட்டியேதான்! நீங்கள் அங்கிருந்தே எட்டிப் பார்த்த மாதிரி எழுதிவிட்டீர்கள். புதுப் பொடி செய்தேன், பால் மாதிரி வெள்ளை. சீனியரே பொறாமைப்பட்டார். காலையில் ஃபீனாலோடு சேர்த்துக் கலக்கிவிட்டு, மூடிவைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். வகுப்பு முடிந்து டீயும் குடித்துவிட்டு வந்து திறந்தால் கறுப்புத் தார். சாலை போடலாம். சிவப்பு வந்ததா, வராமலேயே கறுத்ததா, எனக்குத் தெரியாது.

சார் குடுவையைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. "நல்ல சமையல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழுகை வந்துவிட்டது, அண்ணி.

கோபம் இல்லையே?

வாலு


ஜூலை 27

என் தங்கமே,

கோபமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டுவைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். இங்கே அனைவரும் நலம், மிக நலம்!

கறுப்பு வந்தால் சிவப்பு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் அப்படிச் சீக்கிரம் கெடாது. சிவப்புதான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தாராகும். நீ டீ குடிக்காமல் இருந்திருந்தால் பார்த்திருப்பாய். இந்த முறை ஐஸில் வைத்துச் செய். பக்கத்திலேயே நில். சிவந்ததும் தாமதிக்காதே. பாதியை அப்போதே டைதயோனைட் கரைசலில் ஊற்றிவிடு, நிறமில்லாத பொருளாக மாறிப் பத்திரமாகிவிடும். மீதியைச் சிலிக்கா நிரப்பிய குட்டைக் குழாய் வழியாக விறுவிறுவென்று இறக்கு. சிவப்புப் பட்டை இறங்கும்போது தராசைக் கையோடு இழுத்துவந்து காட்டு. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கட்டும்.

இந்த முறை வரும். எனக்குத் தெரியும்.

இன்னொரு உதவி. பல்கலைக்கழக வாசலுக்கு அருகே ஒரு குழந்தைகள் காப்பகம் உண்டே, பச்சைக் கதவு. எத்தனை மாதத்திலிருந்து சேர்ப்பார்கள், ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தை, பால் புட்டியைக் கொதிக்க வைப்பார்களா, எல்லாம் விசாரித்து எழுது. வாரத்தில் நாலு நாள் அங்கே, மீதி இங்கே என்று போட்டுப் பார்த்திருக்கிறேன். அத்தைக்குப் பகலில் துணைக்கு ஓர் ஆளை வைக்கலாம் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதிசயம் கேள், உன் அண்ணனும் உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்! உன் விலாசத்தைக் கேட்டார். தங்கைமேல் திடீர்ப் பாசம். நானே ஸ்டாம்ப் ஒட்டி இதோடு சேர்த்துத் தபாலில் போடுகிறேன்.

நிறைய அன்போடு,
அண்ணி


செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் குழந்தையும் அம்மாவும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். தேர்வு இருந்தது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். வரவில்லை. மஞ்சள்தான் வருகிறது. மூன்று தடவை செய்தாயிற்று. ஃபீனாலிலேயே ஏதாவது கோளாறு இருக்கலாம். அல்லது என் கை ராசி. சார் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

இன்னொரு விஷயம், உங்கள் கோட்டை நாசம் செய்துவிட்டேன். போன வாரம் சிலிக்காக் குழாயின் நுனி உடைந்து இறங்கிக்கொண்டிருந்ததெல்லாம் என்மேல் கொட்டிவிட்டது. முன்பக்கம் முழுக்கச் செங்கல் நிறம். எதில் ஊறவைத்தாலும் போகவில்லை. ஹாஸ்டலில் துவைக்கிற அம்மா, "கொலை ஏதும் பண்ணிட்டு வந்தியா?" என்று கேட்டாள். புதுசு வாங்கித் தருகிறேன்.

அம்மாவைக் கவனித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியோடு குழந்தையைத் தூக்க விடாதீர்கள். அம்மாவுக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
வாலு


செப்டம்பர் 12

அன்புள்ள வாலு,

நலம். பட்டு தவழ ஆரம்பித்திருக்கிறாள், பின்பக்கமாக. பொம்மையைப் பார்த்துக்கொண்டே அதைவிட்டு விலகிப் போய்க் கத்துகிறாள்.

கோட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பழசுதான். ஆனால் ஒன்று புரியவில்லை. குழாயில் இறங்கியது மஞ்சள் என்றால் கோட்டில் எப்படிச் செங்கல் நிறம் விழும்? வேறு ஏதாவது வேலையும் செய்கிறாயா? சிவப்பு தருகிற வேறு வேலை அந்த அறையில் எனக்குத் தெரிந்து இல்லை. நான் அங்கிருந்து வந்து நாளாயிற்று, புதிதாக ஏதாவது ஆரம்பித்திருக்கலாம். நீ சொன்னால் சரி. எது என்று மட்டும் எழுது.

காப்பகம் பற்றி எழுத மறந்துவிட்டாய்.

தராசுக்கும் நானே ஒரு கடிதம் எழுதினேன். நான் வரத் தயார், இன்னும் இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள், வேண்டுமானால் குழந்தையோடு ஒரு வாரம் வந்து உங்கள் கண் முன்னால் செய்து காட்டுகிறேன் என்று. ஆபீஸ் போகிற வழியில் போட்டுவிடுவதாக உன் அண்ணன் வாங்கிப் போயிருக்கிறார். தராசின் பதில் என்ன என்று உனக்கு முன்பே தெரிந்தால் சொல்லு.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணி


நவம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம்தானே? பட்டுவுக்குப் பல் வந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். நான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை கழுத்தை நெரிக்கிறது.

அவசரமாக ஒன்று கேட்கவேண்டும். வெள்ளைப் பொடி ஐம்பது கிராம் வேண்டும் என்கிறார் சார். ஒரு விருந்தாளிப் பேராசிரியர் வருகிறார், அவருக்குப் பெரிய அளவில் ஒன்று செய்து காட்டவேண்டுமாம். பொடி தயார், ஆனால் சொதசொதவென்று ஈரம். மேசைமேல் காயவிட்டால் ஒரு வாரம் ஆகும். வரும் திங்கட்கிழமை காலை ஓவனில் வைத்தால் மாலைக்குள் எடுத்துவிடலாம், எண்பது டிகிரி ஒன்றும் செய்யாது என்கிறார் சார். புத்தகங்களைப் புரட்டினேன், ஆளுக்கு ஒன்று சொல்கின்றன. நீங்கள் ஓவனை எப்போதும் தொட்டதில்லை என்று சீனியர் சொன்னார். ஏன் அண்ணி? எவ்வளவு சூடு தாங்கும்?

பெரிய அளவு செய்தால் உங்களைக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். போனில் கேட்கலாம் என்றால் அண்ணன்தான் எடுப்பான். இது வெள்ளிக்கிழமை உங்கள் கையில் இருக்கும். ஹாஸ்டலுக்கு ஒரு போன் போட்டாலும் போதும். உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், சரி என்று எடுத்துக்கொண்டு சார் சொன்னபடி வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாலு


நவம்பர் 19

அன்புள்ள வாலு,

நீ நலமா? இதற்கு உடனே பதில் எழுது. ஒரு வரி போதும். அங்கிருந்து போன் எதுவும் வரவில்லை, அதனால் நலம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

பட்டுவுக்குக் கடுமையான காய்ச்சல். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

ஓவனில் வைக்காதே. எண்பதும் வேண்டாம், நாற்பதும் வேண்டாம். நாம் செய்கிற முறையில் எவ்வளவு கழுவினாலும் புரோமேட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒருவர் வடிதாளோடு அதை ஓவனில் வைத்தார். வடிதாளில் ஒட்டியிருந்தது ஒரு சிட்டிகைதான். கதவு கழன்று எதிர்ச் சுவரில் போய் அடித்தது. அப்போது அறையில் யாரும் இல்லை, நானும் தராசும்தான் கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளினோம். "சொல்லிப் பயமுறுத்தாதே, பசங்க வேலை செய்ய மாட்டாங்க" என்றார். அவர் மறந்திருப்பார். ஐம்பது கிராம் என்றால் கதவோடு நிற்காது.

ஈரமாகவே பயன்படுத்து. ஈரத்தோடு எடை போட்டுக் கழித்துக்கொள்ளலாம்.

எழுது.

அண்ணி


டிசம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். பட்டுவின் காய்ச்சல் முழுக்க விட்டதா? அதை நினைத்துத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் அந்த நிலையிலும் எனக்காக எழுதியிருக்கிறீர்கள்.

ஓவனில் வைக்கவில்லை. வைத்துவிடுகிறேன் என்று எழுதினேனே தவிர, திங்கட்கிழமை காலை தட்டைக் கையில் எடுத்ததும் மனசு கேட்கவில்லை. உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் செய்யவேண்டாம் என்று தோன்றியது. ஓவன் ரிப்பேர் என்று சாரிடம் பொய் சொல்லிவிட்டு மேசைமேலேயே பரப்பி வைத்தேன். எல்லார் முன்னாலும் திட்டினார். விருந்தாளி பார்க்காமலே போய்விட்டார். பரவாயில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்கச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்று இல்லை.

அதனால் இதை இனியும் மறைக்க முடியவில்லை. அண்ணி, சிவப்பு வந்துவிட்டது. ஆகஸ்டிலேயே. நீங்கள் சொன்னபடி ஐஸில் வைத்து, டீ குடிக்காமல் நின்றேன். முதல் தடவையே வந்தது. மூன்று தடவையும் வந்தது. சார் பார்த்தார்.

அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் கடிதம் வந்திருந்தது. நீங்கள் தபாலில் போட்டதாக எழுதியிருந்தீர்களே, அதேதான். "வீட்டில் யாராவது ஒருத்தி இருந்தாகணும். அவள் அங்கே வந்தால் நீ இங்கே வரணும். அம்மாவையும் குழந்தையையும் நீதான் பார்த்துக்கணும். யோசிச்சு முடிவு பண்ணு" என்று எழுதியிருந்தான். சாருக்கும் தனியாக எழுதியிருக்கிறான், குடும்ப நிலைமையால் நீங்கள் படிப்பை விட்டுவிட முடிவு செய்துவிட்டதாக. சார் என்னிடம் "உண்மையா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நீங்கள் எழுதியதாகச் சொன்ன கடிதம் அவருக்கு வரவே இல்லை. "போறவங்க ஒரு வரி எழுதிட்டுப் போகக்கூடாதா?" என்று வருத்தப்பட்டார்.

என்னால் வீட்டுக்குத் திரும்ப முடியாது, அண்ணி. அந்த வீட்டைவிட்டு வெளியே வர நான் எவ்வளவு சண்டை போட்டேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். என் பக்கம் நின்றவரே நீங்கள் ஒருத்தர்தான்.

கட்டுரை என் பெயரில் போகிறது. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லி சாரிடம் கேட்டிருக்கிறேன். சம்மதித்துவிட்டார். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்,
வாலு


டிசம்பர் 9

நாத்தனாருக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தில் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். நவம்பர் இருபத்தெட்டில் இதை எழுதியிருந்தால் உதவி. டிசம்பர் இரண்டில் எழுதினால் வெறும் அழுகை. பதிவு ரத்தான தகவல் எனக்கு நாலாம் தேதியே வந்துவிட்டது.

உன் அண்ணனிடம் அதைக் காட்டினேன். "அட, முடிஞ்சுபோச்சா? விடு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று பட்டுவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். குழந்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அதோடு தினமும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். உன் கடிதங்களை இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே என்று சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்கு வேறு விலாசம் இல்லை.

நன்றி சொல்கிற இடத்தில் என் பெயர் வேண்டாம். அங்கே நமக்குக் குடுவை செய்துதருகிற கண்ணாடி ஊதுகிறவர் பெயரைப் போடு. அவருக்கு இதுவரை யாரும் போட்டதில்லை.

நீ தப்பு செய்தாய் என்று உனக்குத் தெரிகிறது, அதை நான் வேறு சொல்லவேண்டியதில்லை. வீட்டில் ஒருத்தி என்றால் அது நீயாக இருக்கக்கூடாது என்று நினைத்தாய். உன் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. மன்னிக்கவில்லை. ஆனால் நீ என்னை ஏதோ தெய்வம் மாதிரி எழுதியிருக்கிறாய். காய்ச்சலிலும் எனக்காக எழுதினீர்கள், நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை என்று. அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

பட்டுவுக்குக் காய்ச்சல் வரவில்லை.

உன் கடிதம் நீ சொன்னபடியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஐம்பது கிராம் என்று படித்ததுமே சிவப்பு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வராத வேலைக்கு யாரும் ஐம்பது கிராம் செய்யமாட்டார்கள். இரண்டாவது தடவை படித்தபோதுதான் ஓவன் கண்ணில் பட்டது. ஹாஸ்டல் எண் எனக்கு மனப்பாடம். போன் ஹாலில்தான் இருந்தது. சனிக்கிழமை அதைத் துடைத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் அதில் யாரிடமோ வெகுநேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வைத்த பிறகும் நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றாள். முதல் தடவை. சோப்பு நுரையோடு என்னைப் பார்த்தாள். நான் கை தட்டினேன். அத்தையும் வந்து பார்த்துச் சிரித்தார். பிறகு அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நீ ஓவனைப் போட்டிருக்கும் நேரம். அவளுக்குத் தலை துவட்ட ஆரம்பித்தேன்.

அண்ணி